ஒற்றைக் குரலில் ஒரு டூயட்

அந்தக் கல்யாணத்தில் ஒரே ஒரு மைக்தான் இருந்தது.

ஃபேரர் பார்க் மைதானத்தை ஒட்டி இருந்த குவாட்டர்ஸ் வீடுகளுக்கு நடுவே பந்தல் போட்டிருந்தார்கள். மத்தியானம் பெய்த மழை பந்தல் துணியில் தொப்பை தொப்பையாகத் தேங்கியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் மூங்கில் கழியால் அதைக் கீழிருந்து குத்திக் குத்தித் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குத்துக்கும் பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் சிரிப்பதுமாக இருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் பாட்டுக் குழுவினர் நாங்கள் நின்றபடியே கேசரியும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சேகரன் வாளித் தண்ணீரில் கை கழுவினார். கைக்குட்டையில் துடைத்தார். அதை வழக்கம்போல நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அடுத்த பாட்டு எது என்று சொல்லும் குரலில் சொன்னார்:

"மரகதம், பினாங்குல பொண்ணு பாத்துட்டாங்க. அம்மாவும் சரின்னு சொல்லிட்டாங்க."

"யாருக்கு?" என்று கேட்டேன்.

அசட்டுக் கேள்விதான். ஆனால் அந்த நொடியில் எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"எனக்குத்தான்" என்றார்.

கையில் இருந்த வடை இலையைக் கீழே போடலாமா, பிடித்திருக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அதற்குள் எங்கள் மாஸ்டர் கையைத் தட்டினார். "வாங்க, வாங்க. டூயட் கேக்குறாங்க."

ஒரே மைக். அதனால் டூயட் பாடும்போது இரண்டு பேரும் முகத்தை நெருக்கி வைத்துக்கொண்டுதான் பாட வேண்டும். அவர் மேடை ஏறுமுன் ஏலக்காய் மெல்லுவார். அந்த வாசனை என் மூக்கில் ஏறியது. அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் சட்டையின் மேல் பொத்தானைப் பார்த்துக்கொண்டே பாடினேன். அவர் ஓர் இடத்தில்கூடத் தப்பவில்லை. நானும் தப்பவில்லை. இன்று நினைத்தாலும் அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பாட்டு முடிந்ததும் முன் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் இரண்டு கையாலும் எங்களுக்குத் திருஷ்டி கழித்து, நெற்றியில் விரலை மடக்கி நெரித்தார். "என்ன பொருத்தம், என்ன பொருத்தம்!" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

போனில் வந்த கேள்வி

போன வாரம் குவாட்டர்ஸ் பொதுக் குழாயைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி போன் செய்தார். குழாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க அந்தக் காலத்துல டூயட் பாடுவீங்களாமே? எங்கம்மா சொன்னாங்க. கூடப் பாடுனவர் யாரும்மா?" என்று கேட்டார். அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை.

முட்டிவலி. இரண்டு நாளாக மழை. எழுத உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வயதில் எதையும் மறைக்கவும் தெம்பு இல்லை, சோடித்துச் சொல்லவும் தெம்பு இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

சேகரனும் நானும்

எனக்குப் பாட்டு வந்தது அண்டை வீட்டுச் சுவர் வழியாக. அவர்கள் வீட்டில்தான் எங்கள் வரிசையில் முதல் கம்பி வானொலிப் பெட்டி வந்தது. தமிழ்ப் பாட்டு வைக்கும் நேரம் வந்தால் அந்த வீட்டுக்காரம்மாள் சத்தத்தைக் கூட்டி வைப்பார். நான் இந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கூடப் பாடுவேன். அப்பாவுக்கு மின்சார இலாகாவில் ஸ்டோர் வேலை. அவர்தான் ஒரு நாள் மாஸ்டரை வீட்டுக்கு அழைத்து வந்து, "பாடிக் காட்டும்மா" என்றார்.

மாஸ்டர் குழுவில் அப்போது பெண் குரல் இல்லை. தபேலா, வயலின், ஹார்மோனியம் எல்லாம் இருந்தன. ஆண் பாட்டுக்குச் சேகரன் இருந்தார். துறைமுகத்தில் கிராணி வேலை, கணக்கெழுதுவது. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. என்னைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் குழுவுக்குப் பேர் வந்தது. சிராங்கூன் ரோட்டைச் சுற்றி எந்தக் கல்யாணமானாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்கள் 'அந்த ஜோடியை' என்றுதான் சொல்வார்கள்.

சில வருஷம் அப்படிப் போயிற்று. ஒத்திகை முடிந்தால் கோப்பிக் கடையில் எல்லாரும் கோப்பி குடிப்போம். பிறகு அவர் தெருமுனை வரை என்னோடு நடந்து வருவார். தங்கைக்குக் கல்யாணம் முடியட்டும், பிறகு வீட்டில் பேசுகிறேன் என்றார். தங்கைக்கு முடிந்தது. சம்பள உயர்வு வரட்டும் என்றார். அதுவும் வந்தது. அம்மா இதையெல்லாம் வாய் திறந்து கேட்டதில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு வந்தால், அப்பாவுக்கென்று வைத்திருந்த வெள்ளி டம்ளரை எடுத்துத் துடைத்து அதில்தான் கோப்பி கொடுப்பார். அம்மாவின் சம்மதம் அந்த டம்ளரில் இருந்தது.

அதற்கு மேல் எங்களுக்குள் எதுவும் நடக்கவில்லை. அந்தக் காலத்தில் அவ்வளவுதான். ஆனால் நாங்கள் இருந்த தேக்கா வட்டாரத்துக்கு முழுக்கத் தெரியும். அதனால் முறிந்தபோதும் தேக்காவுக்கு முழுக்கத் தெரிந்தது.

பாட்டிலிருந்து ஓட முடியாது

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் பார்க்கிறேன், வெள்ளி டம்ளர் அலமாரியின் மேல் தட்டுக்குப் போயிருந்தது.

நான் அப்போது அரசாங்க மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் உதவி நர்ஸ். பால் புட்டி கொதிக்க வைப்பது, படுக்கை மாற்றுவது, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது. டூட்டி முடிந்து வந்தால் காலைக் கழுவக்கூடத் தோன்றாது, அப்படியே விழுந்து தூங்குவேன். தூக்கம் தெளிந்தால் அடுத்த டூட்டி. துக்கப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். எனக்கு அது இல்லை. அதை நல்லது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் பாட்டிலிருந்து ஓட முடியவில்லை. காதலர் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டால் கடிதத்தைக் கிழிக்கலாம், படத்தை ஒளித்து வைக்கலாம். எங்களிடம் இருந்தவை பாட்டுகள். அவை முடி வெட்டும் கடையில் இருந்தன, கோப்பிக் கடையில் இருந்தன, பூக்கடையில் இருந்தன. டிராலி பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு எங்கள் பாட்டை முணுமுணுத்தார். இரண்டு நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி வெயிலில் நடந்தேன்.

அதோடு போகவில்லை. ஒப்புக்கொண்ட கல்யாணங்கள் இருந்தன. "வாக்குக் குடுத்துட்டோம்மா. நம்ம சண்டைய அவங்க கல்யாணத்துல காட்டக் கூடாது" என்றார் மாஸ்டர். நியாயம்தான். போனேன். அதே மைக், அதே ஏலக்காய் வாசனை. நிலவைப் பற்றியும் மல்லிகையைப் பற்றியும் அவர் முகத்துக்கு நேராகப் பாடிவிட்டு, தனித்தனி பஸ்ஸில் வீட்டுக்குப் போவோம்.

அந்த மாதங்களில் என் தொண்டை கெட்டது. பாடிய மறுநாள் பேச்சே வராது. வார்டில் இருந்த பிலோமினாதான் என்னை இழுத்துக்கொண்டு போய்த் தொண்டை டாக்டர் முன் உட்கார வைத்தாள். அவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சந்தையில் கூவி விற்கிற வேலையா என்று கேட்டார். பாடுகிறேன் என்றேன். ஒழுங்காகப் பாடினால் தொண்டை இப்படி ஆகாது என்று சொல்லி, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்.

பிலோமினா

பிலோமினாவைப் பற்றி இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதவில்லை. எழுதினால் அவளைப் பற்றி மட்டுமே எழுதுவேன் என்ற பயம்.

என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ மூத்தவள். கறுத்த, உயரமான பெண். மாதா கோயில் பாடல் குழுவுக்கு ஹார்மோனியம் வாசிப்பாள். வீட்டில் படிக்கிற தம்பிகள் வரிசையாக இருந்தார்கள். அவளுக்கும் ஒருவரோடு ஏறக்குறைய நிச்சயம் ஆகி, கடைசியில் அந்த ஆள் சாமியாராகப் போகிறேன் என்று குருமடத்தில் சேர்ந்துவிட்டாராம்.

"உனக்காவது பினாங்குக்காரி. திட்டலாம், சபிக்கலாம்" என்பாள். "எனக்கு எதிராளி ஆண்டவரே லா. நான் யார்கிட்ட போய்ச் சண்ட போடுறது?"

கிறிஸ்துமஸுக்கு முன்னால், டூட்டி இல்லாத மத்தியானங்களில் அவள் கோயில் கூடத்தில் பழகப் போவாள். "நீயும் வா. யாராச்சும் பாடுனாத்தான் எனக்கு விரல் ஓடும்" என்றாள்.

"எனக்குப் பாட்டே வேணாம்."

"உனக்காகக் கூப்பிடல. எனக்காகக் கூப்பிடுறேன். சும்மா வந்து பாடு."

கூடத்தில் நாற்காலிகளை ஒரு பக்கம் அடுக்கி வைத்திருந்தார்கள். சாம்பிராணி வாசனையும் ஈரத் துடைப்பத்தின் வாசனையும் கலந்து இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். காலால் மிதித்து வாசிக்கும் பெரிய ஹார்மோனியம். அதன் முன் உட்கார்ந்து, "எந்தக் கட்டை?" என்று கேட்டாள்.

"ஒண்ணு" என்றேன்.

கட்டை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை அடிப்படையாக வைத்துப் பாடுகிறோமோ அதுதான் நம் சுருதி. ஒவ்வொரு தொண்டைக்கும் ஒரு கட்டை உண்டு. அதில் பாடினால் மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம், வலிக்காது.

ஒரு சரணம் பாடினேன். மேலே போகும் இடத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. பிலோமினா வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"இது உன் கட்டையா, அவன் கட்டையா?"

நான் குழுவில் சேர்ந்த அன்றே ஹார்மோனியம் ஒன்றாம் கட்டையில்தான் இருந்தது. சேகரனுக்கு அது வாகாக இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. அத்தனை வருஷமும் குதிகாலை உயர்த்திக்கொண்டு நடந்த மாதிரி பாடியிருக்கிறேன். குயில் மாதிரிக் குரல் என்று எல்லாரும் சொன்னார்கள். அது குயில் இல்லை, எட்டாத இடத்துக்கு எட்டிக்கொண்டிருந்த சத்தம்.

பிலோமினா கையை இடது பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே வந்தாள். "இப்போ? இப்போ?" ஓர் இடத்தில் நான் வாயைத் திறந்ததும் அவளே நிறுத்திவிட்டாள்.

"ஐயோ, யாருடி இது?" என்றாள்.

கனத்த, அகலமான குரல். நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது. எனக்கே பயமாக இருந்தது. ஐந்து கட்டை, ஒன்றுக்குக் கீழே இருக்கும் ஐந்து.

அழுது முடி

இதைப் படித்துவிட்டு, அன்றோடு என் துக்கம் தீர்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். தீரவில்லை. அடுத்த மாதமும் அதற்கு அடுத்த மாதமும் வார்டிலிருந்து களைத்துப்போய் அந்தக் கூடத்துக்கு நடந்தோம். பல நாள் போகவே பிடிக்காது. பிலோமினா சப்பாத்தைக் கழற்றிப்போட்டு வெறுங்காலால் மிதிப்பாள். கால் வீங்கியிருக்கும். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவோம். ஒரு நாள் பாட்டின் நடுவில், துக்கத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில், தறியைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ ஒரு வரியில், எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை நான் அழவில்லை. நின்றுகொண்டே விக்கி விக்கி அழுதேன்.

பிலோமினா எழுந்து வரவில்லை. கட்டிப்பிடிக்கவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தாள்.

"அழுது முடி. ஆனா தாளத்த விடாதே" என்றாள்.

அழுதுகொண்டே சிரித்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த சரணத்தில் சேர்ந்தேன். துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யாரு பாடுறது, ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்டார்.

"இன்னும் முடிவாகல!" என்றாள் பிலோமினா.

மெல்ல மெல்லத் தொண்டை ஆறியது. பேசும் குரலும் மாறியது. முன்பெல்லாம் வார்டில் யாராவது அதட்டினால் எனக்குப் பதில் வராது. இப்போது வந்தது. தலைமை நர்ஸ் ஒரு நாள் யாரோ செய்த தப்புக்கு என்னைப் பிடித்தார். "அது நான் இல்ல சிஸ்டர்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் வார்டின் அந்தக் கோடி வரை கேட்டது. அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா பேசிய நாள்

தை மாதம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வந்த விஷயத்தைச் சொல்லாமல் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு சொன்னார். சேகரன் கல்யாணத்துக்குப் பினாங்கில் நம் குழுதான் பாட வேண்டுமாம். எல்லாருக்கும் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்களாம்.

"மாப்பிள்ள மேடையில ஒரு பாட்டாச்சும் பாடணும்னு பொண்ணு வீட்டுல ஆசப்படுறாங்க. டூயட்டா இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. இசை நிகழ்ச்சி என்றால் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுப்பங்கரையிலிருந்து அம்மா வந்து வாசற்படியில் நின்றார்.

"அவ வரமாட்டா. அவளுக்கு டூட்டி இருக்கு" என்றார்.

"தேதியே நான் இன்னும் சொல்லலையேம்மா" என்றார் மாஸ்டர்.

"எந்தத் தேதின்னாலும் டூட்டிதான்."

மாஸ்டர் எழுந்து நின்றார். அப்போது எனக்குப் பேச்சு வந்தது. இனிமேல் டூயட் பாடமாட்டேன், தனியாகத்தான் பாடுவேன், அதுவும் ஐந்து கட்டையில் என்றேன்.

"அஞ்சா? அது கட்டக் குரலா இருக்கும்மா. பொம்பளக் குரல்னா கீச்சுன்னு இருக்கணும். கல்யாண வீட்டுல யாரு கேப்பா?"

"கேக்காட்டிப் போகட்டும் மாஸ்டர்."

அவர் போன பிறகு அம்மாவைப் பார்த்தேன். அம்மா உள்ளே போய்க் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தார். அதைப் பற்றி அம்மாவும் நானும் பிறகு பேசியதே இல்லை.

கொஞ்ச காலம் எனக்கு மேடையே இல்லை. குழுவில் வேறு ஒரு பெண் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். சேகரன் கல்யாணம் முடிந்து வந்து அவளோடு பாடினார். அதை என்னிடம் சொல்ல வந்தவர்கள் என் முகத்தையே உற்றுப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். களைப்புக்கும் ஒரு பயன் உண்டு. எல்லாவற்றையும் எதிர்த்துக்கொண்டிருக்க விடாது.

"டூயட் பாடுங்க!"

மருத்துவமனை வண்டி ஓட்டுநர் ஒருவரின் மகளுக்குக் கல்யாணம். குழு வைக்க அவருக்கு வசதி இல்லை. "சிஸ்டர், நீங்க ரெண்டு பேரும் வந்து ரெண்டு பாட்டுப் பாடுனாப் போதும்" என்று எங்களைக் கேட்டார். பிலோமினா யாரிடமோ கை ஹார்மோனியம் இரவல் வாங்கினாள். பழைய குழுவின் தபேலாக்காரர், பாவம், சாப்பாட்டுக்காகவே வருகிறேன் என்று வந்தார்.

ரங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபம். மின்விசிறி ஒன்று ஓடியது, ஒன்று ஓடவில்லை. முதலில் ஒரு பக்திப் பாட்டுப் பாடினேன். கூட்டத்தில் சலசலப்பு அடங்கவில்லை. "என்னா குரல் இப்படி இருக்கு?" என்று யாரோ கேட்டது மைக் வரைக்கும் வந்தது. என்னைத் தெரிந்தவர்கள் பழைய கீச்சுக் குரலை எதிர்பார்த்திருப்பார்கள். இரண்டாவது பாட்டையும் பாடி முடித்தேன். கைதட்டல் சோம்பலாக வந்தது.

அப்போது மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து நின்றார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"அந்த டூயட்ட பாடும்மா! ஒனக்குப் பேரு வாங்கிக் குடுத்ததே அதுதான லா!"

கூட்டம் பிடித்துக்கொண்டது. "டூயட்! டூயட்!" என்று பையன்கள் நாற்காலியைத் தட்டினார்கள். யாரோ ஒரு பெண் அவரை அடக்கப் பார்த்தாள், காதில் ஏதோ சொன்னாள். விஷயம் தெரிந்தவள் போலிருக்கிறது. அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் அமைதியானார்கள். அந்த அமைதிதான் தாங்க முடியாததாக இருந்தது. மண்டபம் முழுக்க எனக்காகப் பரிதாபப்பட்டது.

பிலோமினா என் பக்கம் குனிந்தாள். "முடியாதுன்னு சொல்லிடவா?"

"வேணாம். எடு."

"யாரு அவன் பாட்டப் பாடுறது?"

"நான்தான். அஞ்சுல எடு."

அவள் எடுத்தாள். அந்தப் பாட்டு ஆண் குரலில்தான் தொடங்கும். சேகரன் கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டித் தொடங்குவார். அந்த முதல் வரியை நான் பாடினேன். கூட்டத்தில் ஒரு சின்னச் சிரிப்பு எழுந்தது. தபேலாக்காரர் ஒரு கணம் தடுமாறிப் பிறகு சேர்ந்துகொண்டார்.

என் பங்கு வந்தபோது அதையும் பாடினேன். மறுபடி அவர் வரிகள். மறுபடி என்னுடையவை. கேள்வியும் நான், பதிலும் நான். அந்த ஆண் வரிகளை அத்தனை வருஷம் மைக்குக்கு எதிர்ப்புறம் நின்று கேட்டிருக்கிறேன். உயிரைக் கொண்டுபோகிற வரிகள் என்று நினைத்திருந்தேன். என் வாயால் பாடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சாதாரண வரிகள். நன்றாகப் பாடினால் நன்றாக இருக்கும், அவ்வளவுதான். அதில் எனக்குக் கோபம் வரவில்லை. கனமான ஒரு மூட்டையைத் தூக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தால், அது லேசாக வந்துவிடுமே, அப்படி இருந்தது.

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. கடைசிச் சரணத்தில் இருவரும் சேர்ந்து பாடும் இடம் உண்டு. அங்கே நான் பாடுவது ஒரு குரல்தான். பிலோமினா ஹார்மோனியத்தில் இன்னொன்றை வாசித்தாள். அதை நாங்கள் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை.

முடிந்ததும் கைதட்டினார்கள். கூரை பெயரும்படி ஒன்றும் இல்லை. ஆனால் சித்தப்பா மேடைக்கு வந்து இரண்டு கையையும் கூப்பினார். "மன்னிச்சுக்கம்மா, தெரியாமக் கேட்டுட்டேன்" என்றவர், கொஞ்சம் நின்று, "ஆனா கேட்டது நல்லதாப் போச்சு" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது பிலோமினா ஹார்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். என் தோளில் அவள் தலை. மறுநாள் காலையில் இருவருக்கும் டூட்டி.

பிறகு

ஒன்றிரண்டு வருஷத்தில் கல்யாண வீடுகளில் அந்தக் 'கட்டைக் குரல் நர்ஸ்' வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாஸ்டரே ஒரு முறை வந்து கூப்பிட்டார். ஐந்து கட்டை என்றேன். "ஆறுன்னாலும் சரிம்மா" என்றார். வானொலியிலும் பாட அழைத்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் பாடுவேன்.

எனக்கும் கல்யாணம் நடந்தது. என் வீட்டுக்காரருக்குப் பாட்டில் அக்கறை கிடையாது. நான் பாடினால் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சேகரனை அதன் பிறகு நான் நேரில் பார்த்தது குறைவு. பாடுவதை விட்டுவிட்டார் என்று சொன்னார்கள். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள், தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான பெண், மூக்கில் வெள்ளைக்கல் பேசரி. கிட்டே வந்து, "அக்கா, நீங்கதான ரேடியோவுல பாடுறது?" என்றாள். பேச்சில் பினாங்கு வாடை அடித்தது. அவள் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் சேகரன் வீட்டுக்காரி" என்றாள்.

அந்த நாளை நான் முன்பு பலமுறை கற்பனை செய்திருந்தேன். என்ன சேலை கட்டியிருப்பேன், என்ன சொல்வேன் என்றெல்லாம். கட்டியிருந்தது வீட்டுச் சேலை. கையில் மீன் பை, அடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மனத்தில் வன்மம் எதுவும் மிச்சம் இல்லை. கால்தான் வலித்தது.

"செவ்வாய்க்கிழம தவறாமக் கேப்பேங்க்கா" என்றாள். "அவரு இருந்தா ரேடியோவ மூடிடுவாரு. அவரு வெளிய போற வரைக்கும் பாத்துட்டு, போனதும் தெறப்பேன்."

"தலவலியா இருக்கும் அவருக்கு" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"தலவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "எனக்கு எல்லாம் தெரியும்க்கா. வந்த மாசமே சொல்லிட்டாங்க. ஆனா பாட்டு எனக்குப் பிடிச்சிருக்கு. அதான் கேக்குறேன்."

நேராக என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

இருவருக்கும் ஒரே பஸ்தான். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் அவளுக்கு ஒரு வீடு, எனக்கு அதே பக்கத்தில் இன்னொரு வீடு. இத்தனை நாள் எதிரெதிரே பார்த்ததில்லை. ஜன்னல் ஓரத்தில் அவளை உட்கார வைத்தேன். குழந்தை என் மடிக்கு வந்து வளையலைப் பிடித்து இழுத்தது. மீன் வாங்க எந்தக் கடை நல்லது, குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது, எட்டாம் மாடியில் துணி காயப்போட எப்படிப் பயமாக இருக்கிறது என்று பேசிக்கொண்டே போனோம்.

இறங்கும் இடம் வந்த பிறகும் நிழலில் கொஞ்ச நேரம் நின்று பேசினோம். சேகரனைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதற்கு வேறு எவ்வளவோ இருந்தது.